சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு

குட்மேய்ஸ்
07.09.2009

அன்புள்ள தம்பி றமணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுவாய். அதனால் கேட்கவில்லை. உன் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், ஒரு சொல்லும் பேச முடியாது என்று பெர்னடெற் சொன்னாள். என் போனை இவர் ஒவ்வொரு நாளும் பிடுங்கிப் பார்க்கிறார். உனக்கு வாய் இல்லை, எனக்குப் போன் இல்லை. கடிதம்தான் மிச்சம். பதில் எழுதினால் பெர்னடெற்றின் இல்போர்ட் விலாசத்துக்குப் போடு. லோண்டரியில் என்னோடு வேலை செய்கிறவள், கையில் கொண்டுவந்து தருவாள். வீட்டுக்கு மட்டும் போட்டுவிடாதே.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கிடாரத்தின் பெட்டிக்கு வயர்களை நீ வேண்டுமென்றே பிழையாகப் பூட்டினாயா?

கோபப்படாமல் படி. வைகாசியில் ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்தபிறகு உன் அத்தான் வான் ஓட்டப் போவதை விட்டுவிட்டு, ஷெட்டுக்குள் ஒரு பெரிய கிடாரத்தில் பியர் காய்ச்சத் தொடங்கினார். வெளியே குடித்துவிட்டு விழாமல் வீட்டிலாவது கிடக்கட்டும் என்று நீதான் அந்தக் கிடாரத்துக்கு ஹீற்றர் வைத்து, வயர் இழுத்துக் கொடுத்தாய். அறுபத்தாறு பாகை வந்தால் ஹீற்றரை நிறுத்தவும், குறைந்தால் போடவும் ஒரு பெட்டி வைத்தாய். பிறகு ஆடியில், யுவனேஸ்வரன் வீட்டுப் பிறந்தநாளில், என் முகத்துக் காயத்தைக் கண்டுவிட்டு இவருடைய கொலரைப் பிடித்தாய். என்ன சொன்னாய்? "இன்னொருக்கா அக்காவிலை கை வைச்சியெண்டால், உன்ரை கிடாரத்துக்குள்ளையே உன்னைப் போட்டு அவிப்பன்." வந்திருந்த சனம் முழுக்கக் கேட்டது.

அடுத்த முறை காய்ச்சும்போது இவர் அவிந்துதான் போனார். பெட்டியின் எண் சைபருக்குக் கீழே நின்றது. சூடே ஏறவில்லை என்று நினைத்து மூடியின் கிளிப்பைத் தட்டினார். உள்ளே பார்லிக் கூழ் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடியோடு பாய்ந்தது. கழுத்திலும் நெஞ்சிலும் வலக்கையிலும் தோல் கழன்று தொங்கியது. நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

இவரும் இவருடைய தம்பி சச்சிதானந்தனும் உன்னை அடித்தது அதற்காகத்தான். அது போதாது என்கிறார்கள். "தாடை பொருந்தட்டும், பிறகு மோர்டனுக்குப் போய் முழங்காலை எடுப்பம்" என்று சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து பேசுகிறார்கள். நீ செய்யவில்லை என்று காட்ட எனக்கு ஏதாவது வேண்டும். அந்தப் பெட்டியில் என்ன பிழை என்று எப்படிப் பார்ப்பது, எழுது.

அக்கா
யசோதினி


மோர்டன்
11.09.2009

அக்கா,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை.

சிநேகிதன் கிறிஸ்துராஜா வீட்டு மேலறையில் கிடக்கிறேன். சோற்றையும் பருப்பையும் மிக்சியில் அடித்து ஸ்ட்ரோவில் தருகிறார்கள். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துச் சாகாமல் இருக்க, கம்பியை வெட்டவென்று கழுத்தில் ஒரு சின்னக் குறடு தொங்குகிறது. அந்தக் குறட்டுக்கு வேறொரு வேலையும் வைத்திருக்கிறேன். சண்முகராசாவின் விரல்கள். அத்தான் என்று எழுதக் கை கூசுகிறது. இனிப் பெயர்தான்.

நான் உன் வீட்டுப் பின்முற்றத்தில் விழுந்து கிடந்தபோது நீ குசினிக் கதவடியில் நின்றாய். கண்டேன். அவன் இடக்கையால் கூழ் கிண்டும் துடுப்பை ஓங்கினான், வலக்கையில் கட்டு. உன் முகம் அசையவில்லை. கல்லைப் போல நின்றாய். பிறகு பொலிசுக்கு என்ன சொன்னாய்? படியில் சறுக்கி விழுந்தவன் என்று. உன் வீட்டில் இருப்பதே இரண்டு படி. அதில் விழுந்தா என் தாடை உடைந்தது? நானும் பொலிசுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. உன்னில் இரக்கப்பட்டு அல்ல. பொலிஸ் கொண்டுபோனால் அவன் என் கைக்கு மிஞ்சமாட்டான்.

உன் கேள்விக்குப் பதில், இல்லை. ஜெர்மனியில், ஸ்ருட்காட்டில் எட்டு வருடம் பேக்கரி அடுப்புகளுக்கு வயர் இழுத்தவன் நான். ஒருவனைக் கொல்ல நினைத்தால் இந்தக் கையால் கொல்லுவேன். வயரால் கொல்லுவது என் தொழிலுக்கு அவமானம்.

நம்பிக்கை இல்லை என்றால் நீயே பார். அவன் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஷெட்டுக்குப் போ. முதலில் ஹீற்றரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடு. பெட்டியின் பிளக்கை மட்டும் போடு. முகப்பில் எண் வரும். கிடாரத்துக்குள் நுழைந்திருக்கிற சென்சரை, அந்தப் பென்சில் அளவு கம்பியை, வயரோடு வெளியே எடு. ஒரு கோப்பையில் சுடுதண்ணீர், இன்னொன்றில் ஐஸ். இரண்டிலும் மாறி மாறி வைத்து, எண் என்ன செய்கிறது என்று எழுது. வேறெதையும் தொடாதே. கை ஈரமென்றால் துடைத்துக்கொள்.

ஊரில் செத்தவர்களுக்காகவா அவன் உன்னை அடிக்கிறான்? கேட்டுச் சொல்.

றமணன்


குட்மேய்ஸ்
16.09.2009

தம்பி,

நீ சொன்னபடி செய்தேன். சென்சர் சும்மா மேசையில் கிடந்தபோது எண் பத்தொன்பது காட்டியது. ஷெட்டுக்குள் அவ்வளவுதான் இருந்திருக்கும். சுடுதண்ணீருக்குள் வைத்தேன். எண் இறங்கியது. பத்து, சைபர், பிறகு முன்னால் ஒரு கோடு விழுந்து, அதற்கும் கீழே முப்பதைத் தாண்டிப் போனது. ஐசுக்குள் வைத்தேன். ஏறியது. முப்பத்தெட்டில் நின்றது. கோப்பைகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. பெட்டிக்குப் பைத்தியமா, எனக்கா?

இன்னொன்று. கதவடியில் கல்லைப் போல நின்றேன் என்று எழுதினாய். நீ கண்டது என் முகத்தை மட்டும். உன்னை உதைத்து விழுத்திவிட்டுச் சச்சிதானந்தன் உள்ளே வந்தது உனக்கு நினைவிராது. கதவுக்குப் பின்னால் என் பின்னல் அவன் கையில் சுற்றியிருந்தது. "சத்தம் போட்டியெண்டால் அடுத்த அடியை மண்டையிலை போடச் சொல்லுவன்" என்று காதுக்குள் சொன்னான். அதனால்தான் என் முகம் அசையவில்லை. அசைந்திருந்தால் எனக்கு இன்று கடிதம் எழுதத் தம்பி இருந்திருக்கமாட்டான். பொலிஸ்காரன் வந்தபோதும் அவன் என் பின்னால்தான் நின்றான்.

ஊரில் செத்தவர்களைக் கேட்டாய். அதற்கு முதலும் அடித்தவர்தான். அப்போது காரணம் தேடுவார், இப்போது தேடுவதில்லை.

அக்கா


மோர்டன்
18.09.2009

அன்புள்ள அக்காவுக்கு,

பின்னலைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். கிறிஸ்துராஜாவின் சுவரில் ஒரு பள்ளம், என் கையில் ஒரு வீக்கம். கத்த முடியாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது? போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் அழித்துவிடு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெட்டிக்குப் பைத்தியம் இல்லை. சென்சரிலிருந்து வரும் இரண்டு வயரும் பக்கம் மாறியிருக்கின்றன. மாறினால் சூட்டைக் குளிர் என்று காட்டும். பெட்டி அதை நம்பி, இன்னும் குளிர்தான் என்று ஹீற்றரை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். கொதித்தாலும் நிறுத்தாது. சும்மா கிடக்கும்போது மட்டும் சரியான எண்ணையே காட்டும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் நான் மாற்றிப் பூட்டவில்லை. ஆனியில் சுடுதண்ணீர் வைத்து, அந்தாளின் கண்ணுக்கு முன்னாலேயே சோதித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் நல்லபடி பியர் காய்ச்சிக் குடித்தும் இருக்கிறான். ஆகவே பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். பெட்டியின் பின்மூடியைக் கழற்று. பிளஸ் குறி போட்ட இடத்தில் என்ன நிற வயர், மைனசில் என்ன நிறம், பார்த்து எழுது.

தானே நோண்டிக் கெடுத்துவிட்டு என் தாடையை உடைத்திருந்தான் என்றால், அந்தக் குறடு விரல்களோடு நிற்காது.

தம்பி
றமணன்


குட்மேய்ஸ்
22.09.2009

அன்புள்ள தம்பிக்கு,

பிளஸ்ஸில் சிவப்பு. மைனசில் மஞ்சள். மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வயர்களைப் பூட்டியது நான்.

பிறந்தநாளில் நீ என் காயத்தைக் கண்டாய், எதனால் அடித்தார் என்று கேட்கவில்லை. அந்தச் சென்சர் கம்பியால்தான். கிடாரத்தைக் கழுவும்போது அவருடைய பார்லியைக் கொட்டிவிட்டேனாம். கம்பியை உருவி முகத்தில் இழுத்தார், பிறகு முதுகில். அது முறிந்து வயரும் அறுந்துபோனது. அடுத்த நாள் வெறி முறிந்தபோது அவருக்கு ஒன்றும் நினைவில்லை. சென்சர் முறிந்து கிடப்பதைக் கண்டால் அதற்கும் எனக்குத்தான் அடி விழும். பெர்னடெற்றின் கொம்பியூட்டரில் அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுப்பித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்தது.

அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் உட்கார்ந்து பூட்டினேன். உன்னுடையதில் சிவப்பும் பச்சையும். புதியதில் சிவப்பும் மஞ்சளும். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பைப் போட்டேன், பச்சை இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டேன். எண் உடனே சரியாக வந்தது. பெருமையாக இருந்தது தம்பி. வயர்க்காரன் அக்காவுக்கு வயர் வேலை தெரியாதா என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். உனக்கும் சொல்லவில்லை. சொன்னால் பழையது ஏன் முறிந்தது என்று கேட்பாய், கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டாய்.

சிவப்புத்தானே பிளஸ்? சின்ன வயதிலிருந்து எங்கேயும் அப்படித்தானே? சொல். நானா இவரை அவித்தேன்? என்னாலா உன் தாடை உடைந்தது?

அக்கா


மோர்டன்
25.09.2009

அன்புள்ள அக்காவுக்கு,

அமெரிக்கக் கம்பியில் சிவப்புத்தான் மைனஸ். மஞ்சள் பிளஸ். நான் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கம்பியில் சிவப்பு பிளஸ். ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன் எண்ணத்துக்கு நிறம் பூசி வைத்திருக்கிறான். நான் பூட்டியதைப் பார்த்து நீ பூட்டினாய். நானே அவசரத்தில் பூட்டியிருந்தாலும் சிவப்பைச் சிவப்பின் இடத்தில்தான் போட்டிருப்பேன்.

நீ அவனை அவிக்கவில்லை. அந்தக் கம்பியை உன் முகத்தில் முறித்தவன் தன்னைத்தானே அவித்துக்கொண்டான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இதை அவனிடம் சொல்லாதே. என்னை நிரபராதி ஆக்கவென்று தொடங்கினாய் அல்லவா, அதை இத்தோடு விடு. பழி என்னிலேயே இருக்கட்டும். வேண்டுமென்றால் நான்தான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அண்ணனும் தம்பியும் மோர்டனுக்கு வரட்டும், வரவேற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் பூட்டியது நீ என்று தெரிந்தால், உன்னை அந்த வீட்டிலிருந்து சவப்பெட்டியில் வைத்துத்தான் எடுப்பார்கள்.

வயரை மாற்று. மஞ்சளைப் பிளஸ்சுக்கு, சிவப்பை மைனசுக்கு. மாற்றிவிட்டுப் புறப்பட்டு வா. கிறிஸ்துராஜா ஓர் அறை தருகிறான்.

தம்பி
றமணன்


குட்மேய்ஸ்
29.09.2009

றமணன்,

இவருக்குக் கை தேறிவிட்டது. சனிக்கிழமை மறுபடியும் காய்ச்சப் போகிறார். பெட்டியைச் சும்மா போட்டுப் பார்த்தாராம், எண் சரியாக வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை சச்சிதானந்தன் வான் கொண்டு வருகிறான், இருவரும் மோர்டனுக்கு. இரும்புக் குழாய் ஒன்று வாங்கி, எங்கள் வாசலில் குடைகளோடு சாத்தி வைத்திருக்கிறார்கள். நான் நிலம் கூட்டும்போது அதை எடுத்து மற்றப் பக்கம் வைத்துவிட்டுக் கூட்டுகிறேன்.

வயரை நான் இன்னும் மாற்றவில்லை. ஸ்குறூட்றைவரைக் கையில் எடுத்தேன். பிறகு இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து கறி வைத்தேன்.

யோசித்துப் பார். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். எண் இறங்கும். "நான் சரியாப் பூட்டிக் கிடக்கெண்டு பாத்திட்டன், உந்த ஹீற்றர்தான் பழுது" என்று இவர் குனிவார். போனமுறை கழுத்தில் பட்டது. இந்தமுறை முகத்தில் படட்டும். தண்ணீர் ஊற்ற நான் அவசரப்படமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மோர்டனுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

முதல்முறை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இதை உனக்குச் சொல்லாமல் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் உனக்கு மட்டும் நான் பொய் சொல்வதில்லை.

யசோ


மோர்டன்
02.10.2009

அக்கா, என் அக்கா,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்கிறார்கள். உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இதைக் கிறிஸ்துராஜா கையில் கொடுத்து, பெர்னடெற்றைத் தேடிப் பிடித்து இன்றைக்கே உன்னிடம் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.

மாற்று. தயவு செய்து மாற்று.

ஆரம்பத்திலிருந்து கொல்லுவேன், வெட்டுவேன் என்று நான்தான் எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன். ஸ்ட்ரோவில் சோறு குடிக்கிறவனின் வீரம் அது. கொலரைப் பிடித்துக் கத்தினவன் நான், கடைசியில் ஒன்றும் செய்யவில்லை. நீ ஒருநாளும் வாய் திறக்காதவள். வாய் திறக்காதவர்கள்தான் செய்துவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அவனுக்காக அல்ல. அவன் அவியட்டும், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. உனக்காக. ஜெயிலில் உன்னைப் பூட்டி வைத்து, வாழ்நாள் முழுக்க அவன் கத்தின சத்தத்தைக் கேட்கவைப்பார்கள். அவன் செத்தும் உன்னை அடிப்பான். அதோடு, மூடி திறக்கும்போது பக்கத்தில் துடுப்போடு நிற்பது எப்போதும் நீ.

ஹீற்றர் பிளக்கைக் கழற்று. பெட்டிப் பிளக்கையும் கழற்று. பின்மூடி. இரண்டு சின்ன ஸ்குறூ. மஞ்சள் பிளஸ்சுக்கு. சிவப்பு மைனசுக்கு. சுடுதண்ணீரில் வைத்து எண் ஏறுகிறதா என்று பார். ஏறினால் சரி.

என் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. குறட்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கிறிஸ்துராஜாவிடம் கொடுத்துவிட்டேன். வாந்தி வந்தால் அவன் வெட்டட்டும். நான் ஒருவரையும் வெட்டப்போவதில்லை. நீயும் அந்த ஸ்குறூட்றைவரை எடு.

தம்பி


இல்போர்ட், பெர்னடெற் வீடு
05.10.2009

அன்புள்ள தம்பி றமணனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடக்கையால் எழுதுகிறேன். கிறிஸ்துராஜா அண்ணை உனக்குப் பாதி சொல்லியிருப்பார். மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை, இவர் எழும்ப முதல் மாற்றினேன். மஞ்சள் பிளஸ்சுக்கு, சிவப்பு மைனசுக்கு. சுடுதண்ணீரில் எண் ஏறியது. ஏறுவதைப் பார்த்து அழுதேன். உன்னில் கோபத்தில்தான் அழுதேன். இப்படி ஒருவனைக் காப்பாற்ற வைத்துவிட்டாயே என்று.

மத்தியானம் காய்ச்சினார். எண் அறுபத்தாறில் வந்து நின்றது. இவருக்கு ஒரே சந்தோசம். கிளிப்பைத் தட்டி மூடியைத் திறந்தார். கூழ் அசையாமல் கிடந்தது. "பாத்தியே, உன்ரை தம்பி இல்லாமலே நல்லா வேலை செய்யுது. நாளைக்கு அவன்ரை முழங்காலை எடுத்துப்போட்டு வந்து இதைக் குடிப்பம்" என்றார். நான் துடுப்போடு பக்கத்தில் நின்றேன். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "தம்பி ஒண்டும் செய்யேல்லை. முதல் பிழையாய்ப் பூட்டினது நான். இப்ப சரியாய்ப் பூட்டினதும் நான். முழங்காலை எடுக்கிறதெண்டால் என்ரையை எடுங்கோ" என்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என் வலக்கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்து, கிடாரத்துக்குள் அமத்தினார்.

பெட்டியின் முகப்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அறுபத்தாறு என்று சிவப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் கத்தினேன். துடுப்பு என் இடக்கையிலேயே இருந்தது. அவருடைய கழுத்தில், புதுத்தோல் வந்திருக்கிற இடத்தில் அடித்தேன். ஒன்று உனக்கு. கையை விட்டார். இன்னொன்று எனக்கு. விழுந்தார். மூன்றாவதையும் ஓங்கினேன். உன் கடிதம் நினைவு வந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு, வாசலுக்கு ஓடினேன். அந்த இரும்புக் குழாய் தட்டுப்பட்டு விழுந்தது. தெருவில் நின்று கத்தினேன், இத்தனை வருடமும் கத்தாததையெல்லாம் சேர்த்து.

கை கொப்பளித்து வீங்கிக் கிடக்கிறது. தோல் போய்விட்டது. விரல்கள் இருக்கின்றன. கட்டுப் போட்ட நேர்ஸ், நல்லகாலம் கொதிதண்ணீர் இல்லை, கொதித்திருந்தால் விரல்களை எடுத்திருக்க வேண்டும் என்றாள். அறுபத்தாறு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவரைக் காப்பாற்றவென்று நினைத்து மாற்றிய வயர் தம்பி, என் கையைத்தான் காப்பாற்றியிருக்கிறது.

பொலிஸ்காரியிடம் எல்லாம் சொன்னேன். படியில் சறுக்கி விழுந்தவன் என்று சொன்னது பொய், என் தம்பியை அடித்தார்கள், என் பின்னலைப் பிடித்திருந்தார்கள் என்று சொன்னேன். புருசனின் பெயர் என்ன என்று கேட்டாள். சண்முகராசா என்றேன். கலியாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். சொல்லி, எழுத்துக் கூட்டியும் கொடுத்தேன். இரண்டு பேரையும் கொண்டுபோயிருக்கிறார்கள். உன்னிடமும் வருவார்கள். இந்தமுறை எழுதிக் கொடு. உன் கைக்கு மிஞ்ச வேண்டும் என்று ஒன்றையும் வைத்திருக்காதே.

புதன்கிழமை பெர்னடெற் என்னை மோர்டனுக்குக் கூட்டிவருகிறாள். அறையைக் கூட்டி வை. கிறிஸ்துராஜா வீட்டில் இனி உனக்காக ஒருவரும் மிக்சி போட வேண்டாம். சோறும் பருப்பும் அடித்துத் தர எனக்கு ஒரு கை போதும்.

அக்கா
யசோதினி